உங்கள் வீட்டு ‘எஸ்யூவி’ நிஜமாகவே எஸ்யூவியா? கார் வகைகள்: ஓர் எளிய விளக்கம்

போன பங்குனியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போக ஒரு காய்ந்த ஆற்றில் இறங்கி ஏற வேண்டும். மாமா புது வண்டி எடுத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. “எஸ்யூவி மாப்ள இது. ஆறு என்ன, மலையே ஏறும்” என்றபடி மணலில் இறக்கினார். பாதி ஆறு தாண்டியதும் முன்சக்கரம் இரண்டும் புதைந்தன. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் கீழே போயிற்று. சமையல் பாத்திரமும் அரிசி மூட்டையும் ஏற்றிய பழைய போலேரோ ஒன்று எங்களைச் சுற்றிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அக்கரை ஏறிவிட்டது. கோயிலில் ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனாகிய நானோ ஆற்று நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கடைசியில் டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்தது.

மாமாவின் வண்டியில் ஒரு பழுதும் இல்லை. எஸ்யூவி, அதாவது ஸ்போர்ட் யூட்டிலிட்டி வெஹிக்கிள் என்ற அந்தப் பெயரை நம்பியதில்தான் பிசகு. செடான், ஹேட்ச்பேக், எஸ்யூவி, எம்பிவி என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். ஆனால் ஒரு காரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் குறைந்தது மூன்று உண்டு. உருவம் என்ன? எலும்பு என்ன? அளவு என்ன? இந்த மூன்றுக்கும் ஒரே சொல்லில் பதில் சொல்லப் பார்ப்பதால்தான் குழப்பம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

## உருவம்: இந்த வீட்டுக்கு எத்தனை கட்டு?

பழைய வீடுகளில் முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு என்று இருக்கும். ஒரு காரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், அதே கணக்குதான். எஞ்சின் ஒரு கட்டு, ஆள் உட்காரும் இடம் ஒரு கட்டு, சாமான் வைக்கும் டிக்கி ஒரு கட்டு.

மூன்றும் தனித்தனியாக, நடுவில் தடுப்போடு இருந்தால் அது செடான். அம்பாசடர், டிசையர், ஹோண்டா சிட்டி எல்லாம் இந்த வகை. பெயருக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தூக்கிப்போகும் மூடிய நாற்காலிக்கு செடான் என்று பேர். நம்ம ஊர்ப் பல்லக்குதான். பின்னாளில் அந்தப் பெயர் காருக்கு வந்துவிட்டது. பிரிட்டிஷ்காரர்கள் இதே வண்டியைச் சலூன் என்பார்கள். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் கத்தரியும் சீப்பும்தான் ஞாபகம் வரும்.

டிக்கி என்ற சொல்லும் இப்படி இடம் மாறி வந்ததுதான். பழைய கார்களின் பின்பக்கம் மூடியைத் திறந்தால் மடக்கு இருக்கை ஒன்று வரும். அதற்குத்தான் முதலில் அந்தப் பெயர். ஆள் உட்கார்ந்த இடத்தில் இப்போது பெட்டி உட்கார்ந்திருக்கிறது, பெயர் மட்டும் நம்மிடம் நின்றுவிட்டது.

நடுக்கட்டுக்கும் பின்கட்டுக்கும் இடையில் உள்ள தடுப்பை எடுத்துவிட்டால் ஹேட்ச்பேக். கப்பலின் மேல்தளத்தில் தூக்கித் திறக்கும் மூடிக்கு ஹேட்ச் என்று பேர். அதுபோலப் பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ளும் கதவு இதற்கு இருக்கும். ஸ்விஃப்ட், ஐ20, ஆல்ட்டோ இந்த ஜாதி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் பண்ருட்டி வழியாக வரும்போது ஒரு பழுத்த பலாப்பழம் வாங்கிப் பின்னால் போடுங்கள். செடான் என்றால் வீடு வந்து டிக்கியைத் திறக்கும்போதுதான் வாசம் வரும். ஹேட்ச்பேக் என்றால் விழுப்புரம் தாண்டுவதற்குள் வண்டி முழுக்கப் பலாச்சுளைதான். அதே ஹேட்ச்பேக்கில் பின்சீட்டை மடக்கினால் சின்ன பீரோவையே படுக்க வைக்கலாம். செடானில் அது நடக்காது.

எஞ்சினையும் உள்ளே தள்ளி, மூக்கே இல்லாமல் ஒரே கட்டாக ஆக்கினால் மாருதி ஆம்னி மாதிரி வேன். ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருந்தது. வெயில் காலத்தில் அதை ஓட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று வரிசை இருக்கை போட்டு, குடும்பத்தையே ஏற்றுவதற்கென்று செய்தால் எம்பிவி. எர்டிகா, இன்னோவா இதில் வரும். கூபே என்றால் இரண்டு கதவும் பின்னால் சரிந்த கூரையும் என்று இருந்தது. இப்போது டாடா கர்வ் போல நான்கு கதவு வைத்த வண்டியிலும் கூரை கொஞ்சம் சரிந்தால் கூபே எஸ்யூவி என்கிறார்கள். கூரையை அப்படியே பின்வரை நீட்டிய ஸ்டேஷன் வேகன் ஐரோப்பாவில் ஓடுகிறது, இங்கே எடுபடவே இல்லை.

சரி, இந்தக் கணக்கில் எஸ்யூவிக்கு எத்தனை கட்டு? இரண்டுதான். தூக்கித் திறக்கும் பின்கதவு, உள்ளே தடுப்பு கிடையாது. உருவத்தை மட்டும் பார்த்தால் எஸ்யூவி என்பது வளர்ந்த ஹேட்ச்பேக்.

இதுவரை பார்த்தது: செடான், ஹேட்ச்பேக், எம்பிவி எல்லாம் வெளி உருவத்துக்கான பெயர்கள். மணலில் ஏறுமா, எத்தனை மூட்டை தாங்கும் என்பதற்கு அவற்றில் பதில் இல்லை.

## எலும்பு: கூண்டு வண்டியும் தகர டின்னும்

இதுதான் முக்கியமான இடம். பெரும்பாலும் ஷோரூமில் இதை யாரும் காட்டுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

நெடுஞ்சாலையில் ஒரு காட்சி பார்த்திருப்பீர்கள். லாரியோ பஸ்ஸோ, உடம்பே இல்லாமல், வெறும் இரும்புச் சட்டமும் சக்கரமும் எஞ்சினுமாக ஓடிக்கொண்டிருக்கும். மேலே ஒரு டிரைவர், தலையில் ஹெல்மெட், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு காற்றைக் கிழித்துப் போவார். தொழிற்சாலையிலிருந்து வந்த அந்தச் சட்டத்துக்குக் கரூரில் பஸ் பாடி கட்டுவார்கள், நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டுவார்கள். பாடி இல்லாமலே வண்டி ஓடுகிறது என்றால் பாரத்தைத் தாங்குவது அந்தச் சட்டம்தான். முன்னிருந்து பின்வரை இரண்டு நீள இரும்பு, நடுவில் குறுக்குக் கம்பிகள். படுக்க வைத்த ஏணி மாதிரி இருப்பதால் அதற்கு லேடர் ஃபிரேம் என்று பேர். மாட்டு வண்டியில் கூண்டைக் கழற்றி வைத்துவிட்டு நெல் மூட்டை ஏற்றுகிறோமே, அதே தத்துவம்தான். போலேரோ, ஸ்கார்ப்பியோ என், தார், ஜிம்னி, ஃபார்ச்சூனர் எல்லாம் இந்த எலும்புக்காரர்கள்.

இன்னொரு வகை எலும்பு மோனோகாக். இதில் தனியாகச் சட்டம் கிடையாது; தரை, பக்கம், கூரை, தூண்கள் எல்லாம் ஒன்றாக வெல்டு ஆகி, உடம்பே எலும்பாக நிற்கும். பிஸ்கட் டின்னை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பி எதுவும் இல்லை, ஆனால் மூடி போட்ட டின் மேல் ஒரு பிள்ளை ஏறி நிற்கலாம். தகரம் மெல்லியது, வடிவம்தான் பலம். ஸ்விஃப்ட், டிசையர் மட்டுமல்ல. பிரெஸ்ஸா, வென்யூ, க்ரெட்டா, ஹாரியர் எல்லாமே மோனோகாக்தான். கார் எலும்பின் மேல் எஸ்யூவி உருவம் ஏற்றிய இந்த வகைக்கு கிராஸ்ஓவர் என்று பெயர். விளம்பரத்தில் அந்தச் சொல் அதிகம் வராது. எஸ்யூவி என்றால்தான் விற்கும்.

உடனே “அப்ப மோனோகாக் டப்பா வண்டியா?” என்பார்கள். இல்லை. அம்பாசடரை நாம் இரும்புக் கோட்டை என்றுதானே சொல்வோம்? அது மோனோகாக். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து பிறந்த அந்த வண்டிக்குத் தனிச் சட்டமே கிடையாது. சென்னை வண்டலூரில் செய்த சின்னஞ்சிறு ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத்தான் தனிச் சட்டம் இருந்தது. பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும்.

இடித்தால் முன்பக்கம் அப்பளமாக நொறுங்குகிறதே என்று இன்னொரு குறை. அது வேண்டுமென்றே செய்தது. தென்னை மரத்திலிருந்து முற்றிய காய் விழுந்தால் தேங்காய் உடைவதில்லை, ஏன்? சுற்றியிருக்கும் மட்டையும் நாரும் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கின்றன. காரின் முன்னும் பின்னும் மட்டை. ஆள் உட்காரும் நடுக்கட்டு ஓடு. மட்டை நசுங்கினால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். ஓடு நசுங்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆக, லேடர் ஃபிரேம் வண்டிக்குப் பள்ளம் மேட்டில் முறுக்கினாலும் பாரம் ஏற்றினாலும் தாங்கும் குணம் உண்டு. கனமும் குலுக்கலும் அதிகம். மோனோகாக் இலகுவானது, தார்ச்சாலையில் சொகுசானது, மைலேஜ் கூடுதல். ஒரே பெயரிலும் இரண்டு எலும்பு வரலாம்: இன்னோவா க்ரிஸ்டா லேடர் ஃபிரேம், 2022-இல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் மோனோகாக்.

## எந்தச் சக்கரம் உழைக்கிறது?

மாமாவின் வண்டி புதைந்ததற்கு எலும்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எஞ்சினின் சக்தி எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பது பெரிய விஷயம்.

டயருக்குத் தரையில் பிடிமானம் கிடைக்க வேண்டுமானால் அதன் மேல் பாரம் அழுத்த வேண்டும். இன்றைய கார்களில் பெரும்பாலும் எஞ்சினும் முன்னால், உழைக்கும் சக்கரமும் முன்னால். ஊருக்குள் ஓட்ட இது நல்ல ஏற்பாடு. எஞ்சினின் கனமே பிடிமானம் தந்துவிடும். ஆனால் பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையச் சீர்வரிசைத் தட்டு, எதிரே மணல் மேடு என்றால் வண்டியின் பாரம் பின்னால் சாயும். உழைக்க வேண்டிய முன்சக்கரம் இலேசாகிச் சுற்றும், சுற்றச் சுற்ற மணலைத் தோண்டும். போலேரோவில் தள்ளுவது பின்சக்கரம். அதன் மேலேதான் அரிசி மூட்டை இருந்தது. அந்த மூட்டை அன்றைக்கு அதற்குச் சுமையாக இல்லை, துணையாக இருந்தது.

நான்கு சக்கரத்துக்கும் சக்தி போனால் ஃபோர் வீல் டிரைவ். ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது இழுக்கும். ஜிம்னியில் இது எல்லா வண்டியிலும் உண்டு. தாரில் பின்சக்கரம் மட்டும் உழைக்கும் மலிவான வகையும் விற்கிறார்கள். அதனால் தார் என்ற பெயரைப் பார்த்து ஆற்றில் இறங்கிவிடாதீர்கள்.

## உயரம்: குடம் தலையிலா, இடுப்பிலா?

வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளிக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று பெயர். நம் ஊர் வேகத்தடைகளுக்கு இதுதான் உண்மையான தேவை. எஸ்யூவி வாங்குகிற பலருக்கும் வேண்டியது இந்த உயரமும், ஏறி இறங்கும்போது முழங்கால் வலிக்காத இருக்கையும்தான். நியாயமான ஆசை, அதற்கு லேடர் ஃபிரேம் தேவையே இல்லை.

ஆனால் உயரத்துக்கு ஒரு விலை உண்டு. நிறைகுடத்தை இடுப்பில் வைத்துத் திரும்புவதற்கும் தலையில் வைத்துத் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம் தண்ணீர் தூக்கியவர்களுக்குத் தெரியும். கனம் உயரே போனால் வளைவில் சாய்வு கூடும். கொல்லிமலைக் கொண்டை ஊசியில் செடான் ஒட்டிக்கொண்டு திரும்பும் வேகத்தில் உயரமான வண்டி திரும்பினால் உள்ளே இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள்.

## அளவு: நான்கு மீட்டர் என்னும் கோடு

உலகத்தில் அளவை வைத்துக் கார்களைத் தரம் பிரிக்கப் பல முறைகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் சிறியதிலிருந்து பெரியதுவரை ஏ, பி, சி, டி என்று எழுத்துக் கொடுப்பார்கள். நம் ஊரில் ‘செக்மென்ட்’ என்று பேசுவது அங்கிருந்து வந்தது. எழுத்துகள் மட்டும் இங்கே ஆளுக்கொரு விதமாக ஏறி இறங்கும். ஜப்பானில் 3.4 மீட்டர் நீளம், 660 சிசி எஞ்சினுக்குள் இருக்கும் குட்டிக் கார்களுக்கு ‘கே’ என்று தனி ஜாதியே உண்டு, வரியும் குறைவு. சிசி என்றால் எஞ்சின் சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு.

இந்தியாவில் கோடு போட்டது பட்ஜெட். 2006-இல் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் என்ன? நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள். அன்றிலிருந்து இந்தியக் காரின் உடம்பு மாறியது. டாடா இண்டிகோவை 3988 மி.மீ.க்குக் குறுக்கி 2008-இல் இண்டிகோ சிஎஸ் வந்தது. அதே ஆண்டு 4160 மி.மீ. நீளத்தோடு வந்த ஸ்விஃப்ட் டிசையர் 2012-இல் 3995 ஆனது. வெட்டு எங்கே விழுந்தது? பின்கட்டில். டிக்கி 440 லிட்டரிலிருந்து 316 ஆகச் சுருங்கியது. சில செடான்களின் பின்பக்கம் யாரோ அரிவாளால் சீவியது போல இருக்கிறதே, அந்த அரிவாள் வரிச் சட்டம்தான். இன்று சென்னை விமான நிலையத்தில் சிஎன்ஜி டாக்சிக்காரர் டிக்கியைத் திறந்தால் கேஸ் சிலிண்டர்தான் படுத்திருக்கும். பெட்டி உங்கள் மடியில்.

எஸ்யூவிக்கும் சட்டம் ஒரு வரையறை கொடுத்தது, அதே சிதம்பரம் 2013 பட்ஜெட்டில் எஸ்யூவி வரியை 27-லிருந்து 30 சதவீதமாக உயர்த்தியபோது. நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1500 சிசிக்கு மேல், கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ. அல்லது அதற்கு மேல். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் எஸ்யூவி. மஹிந்திரா என்ன செய்தது தெரியுமா? எக்ஸ்யூவி500-இன் கிரவுண்ட் கிளியரன்ஸை 170-க்குக் கீழே இறக்கிவிட்டது. பேரிலேயே எஸ்யூவியை ஒளித்து வைத்திருக்கும் வண்டி, சட்டப்படி எஸ்யூவி இல்லாமல் போனது! 2023 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில், கிரவுண்ட் கிளியரன்ஸை ஆளும் சுமையும் ஏற்றாத நிலையில்தான் அளக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி இடைவெளி குறையும். அந்த ஓட்டையையும் அடைத்தார்கள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் செய்யும் க்ரெட்டாவின் பெட்ரோல் எஞ்சின் 1497 சிசி. 1500-ஐத் தாண்டவில்லை, ஆகவே அந்த வரையறையில் அது எஸ்யூவி அல்ல. லேடர் ஃபிரேம், ஃபோர் வீல் டிரைவ் எல்லாம் உள்ள ஜிம்னியின் நீளம் 3985 மி.மீ.; அதுவும் அல்ல.

2025 செப்டம்பர் 22 முதல் கணக்கு எளிதாகிவிட்டது. அந்தப் பழைய 4 மீட்டர், 1200, 1500 கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி, தாண்டினால் 40. மின்சாரக் கார்களுக்கு 5. இதிலும் ஒரு சுவாரசியம். ஆற்றில் எங்களைத் தாண்டிப் போன போலேரோவின் இன்றைய மாடல் 3995 மி.மீ. நீளம், 1493 சிசி டீசல். அரிசி மூட்டை ஏற்றுகிற அந்த முரட்டு வண்டியும் டிசையரும் சட்டத்தின் கண்ணில் ஒரே மாதிரி ‘சிறிய கார்’.

சுருக்கிச் சொன்னால், ‘காம்பாக்ட்’, ‘சப் ஃபோர் மீட்டர்’ போன்ற சொற்கள் வரிக்காகப் பிறந்தவை. அவை நீளத்தைச் சொல்லும், எலும்பைச் சொல்லாது.

## குனிந்து பாருங்கள்

இதற்கெல்லாம் புத்தகம் புரட்ட வேண்டாம். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பின்பக்கம் உட்கார்ந்து செல்போன் டார்ச்சை அடியில் அடியுங்கள். முன்னிருந்து பின்வரை கனமான இரண்டு நீள இரும்பு ஓடினால் லேடர் ஃபிரேம். மடித்து அழுத்திய தகரத் தரை மட்டும் தெரிந்தால் மோனோகாக். பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் பூசணிக்காய் போல ஓர் இரும்பு உருண்டையும், அதை நோக்கி முன்னாலிருந்து வரும் நீளக் குழாயும் இருந்தால் பின்சக்கரத்துக்குச் சக்தி போகிறது.

காதுகுத்து முடிந்து ஊருக்கு வந்த மறுநாள் மாமாவும் நானும் வாசலில் குந்தி இப்படித்தான் பார்த்தோம். ஏணியும் இல்லை, பூசணிக்காயும் இல்லை. மடிப்புகளில் ஆற்று மணல் மட்டும் அப்பியிருந்தது. மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “அப்ப நாலு மீட்டருக்கு உள்ளன்னு ஷோரூம்காரன் சொன்னானே, அதாவது நிஜமா?” என்று கேட்டு, உள்ளே போய் கொத்தனார் டேப்பை எடுத்து வந்தார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். பம்பருக்குப் பம்பர் நான்கு மீட்டருக்கு ஓர் அரிசி நீளம் குறைவாக இருந்தது.